செய்வினை

ஆகஸ்ட் 3, சனி

காலையில் ஒரு 'ழ'வைக் காப்பாற்றினேன். 'வாலைப்பழ மண்டி திறப்பு விழா' என்று விளம்பரம் வந்திருந்தது. வால் வைத்த பழத்தை யார் வாங்குவார்கள்? 'கொங்கோசை' நாளிதழின் பிழைதிருத்துநர் என்றால் சும்மாவா.

மத்தியானம் நடுப்பக்க ஆசிரியர் ஆராவமுதன் சார் ஒரு புரூஃபைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்குப் பிள்ளை சுமந்து தருவதைச் சட்டம் தடை செய்து சில வருடங்கள் ஆகின்றன. தடை சரியா, தவறா என்று இந்த மாதம் செவ்வாய்தோறும் விவாதமாம். முதல் கட்டுரை, தடை சரியே என்று பேராசிரியர் தில்லைநாயகம் எழுதிய 'கருப்பைச் சந்தை'.

மனிதருக்கு நல்ல தமிழ். ஆனால் அந்தப் பெண் சுரண்டப்படுகிறாள், தள்ளப்படுகிறாள், அடைக்கப்படுகிறாள், கடைசியில் தூக்கியெறியப்படுகிறாள். பக்கம் முழுக்கத் தேடினேன். அவள் தானாக ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவளுக்குப் பெயர் லட்சுமி, அடைப்புக்குறிக்குள் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது'. எங்கள் பத்திரிகையில் பெயர் மாற்றப்பட்ட லட்சுமிகளைக் குடிவைத்தால் ஒரு நகரே உருவாகும். லட்சுமி நகர் என்று பெயரும் தயார்.

அந்தப் பெண்கள் தங்கும் இல்லத்தைச் 'சிறை' என்கிறார். சாயங்காலமானால் அங்கே சீரியலா கிரிக்கெட்டா என்று ரிமோட்டுக்குச் சண்டை நடக்கும். மாங்காய் ஊறுகாய்க்கும் நடக்கும். எங்கோ படித்தது.

'வாடகை தாய்' என்று வந்த இடத்திலெல்லாம் 'வாடகைத் தாய்' என்று ஒற்றுப் போட்டேன். ஒற்று சரிதான், சொல்தான் சரியில்லை. குடியிருந்தது குழந்தை. அது எங்கே வாடகை கொடுத்தது?

ஆகஸ்ட் 5, திங்கள்

சாயங்காலம் நேராக பேக்கரிக்குப் போனேன். அவர், அதாவது என் வீட்டுக்காரர் மயில்சாமி, பன் தட்டை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். இந்த மாதம் இருபத்தேழாம் தேதி பேக்கரி ஆண்டு விழா. வருடத்தில் அன்று மட்டும் ஒரு கேக்கை அவர் விற்கமாட்டார், நாங்கள் மூவரும் சாப்பிடுவோம்.

மகள் நிறைமதி பள்ளியிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள், பேச்சுப் போட்டி என்றால் பசி தெரியாது.

"ஏம்மா, மாவட்டப் போட்டிக்கு என்னைத்தான் அனுப்பறாங்க! தலைப்பு என்ன சொல்லுங்க? 'வாடகைத் தாய்: வரமா, சாபமா?' சீட்டுக் குலுக்கிப் போட்டதுல எனக்கு சாபம் வந்துருக்கு. உங்க பேப்பர்லயே நாளைக்குக் கட்டுரை வருதாமா? நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுக்கணும்."

"அதுக்கென்ன கண்ணு" என்றேன்.

பன் தீய்ந்துவிட்டது. கடையில் கூட்டம் அதிகம், அவர் கவனிக்கவில்லை. இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

'கருப்பைச் சந்தை' அச்சாகிவிட்டது. நேற்றுக் கடைசிப் புரூஃபில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். யாரும் கவனிக்கமாட்டார்கள்.

ஆகஸ்ட் 7, புதன்

கவனித்துவிட்டார்கள்.

காலையில் பேராசிரியர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். வரவேற்பில் இருக்கும் வசுமதி எடுத்திருக்கிறாள். எடுத்ததும், "என் கட்டுரைக்குள்ள செய்வினை வந்திருக்கும்மா! யார் வச்சது?" என்று கத்தியிருக்கிறார். பாவம், அவர் இலக்கணத்தில் பேசினார். செயப்பாட்டுவினையாக எழுதியதைச் செய்வினையாக மாற்றியது யார் என்று கேட்டார். வசுமதிக்குப் பள்ளிக்கூட இலக்கணம் மறந்து வெகுகாலம். அவளுக்குத் தெரிந்த செய்வினை வேறு, மந்திரவாதி வைப்பது.

"புரொபசருக்கு யாரோ செய்வினை வெச்சுட்டாங்களாமா. நம்ம பேப்பர் வழியாப் போயிருக்குதுங்க" என்று மாடிக்கும் கீழுக்குமாகச் சொல்லிவிட்டாள். சாப்பாட்டு நேரத்துக்குள் பக்க வடிவமைப்புக் கம்ப்யூட்டரில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் தொங்கின. ஒருவர் பையிலிருந்து விபூதி எடுத்துப் பிரிண்டருக்குப் பூசினார்.

ஆராவமுதன் சார் கூப்பிட்டார். வயிறு குலுங்கச் சிரித்து முடித்தபிறகுதான் கோபப்பட்டார்.

" 'லட்சுமி அந்த இல்லத்துக்குத் தள்ளப்படுகிறாள்'னு அவர் எழுதினார். அச்சில 'லட்சுமி அந்த இல்லத்துக்கு வருகிறாள்'னு இருக்கு. நீங்கதானே?"

"ஒரு சொல்லுதானுங்க சார்."

"ஒரு சொல்லா? தள்ளப்பட்டான்னா அவ பாதிக்கப்பட்டவ. வந்தான்னா அவளே பொறுப்பு. அவர் கட்டுரையோட முதுகெலும்பே அந்தச் சொல்லுதான். அதை உருவிட்டு, ஒரு சொல்லுதானேங்கறீங்க!"

"தள்ளினது யாருன்னு அவரும் எழுதலீங்களே சார்? பக்கம் முழுக்கப் பாருங்க. அந்தப் பொண்ணுக்கும் செய்யறதுக்கு ஒரு வினை இல்லை. அவளை என்னமோ பண்ணினவங்களுக்கும் இல்லை. எல்லாம் தானா நடக்குதுங்க, மழை பெய்யற மாதிரி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி இல்லை.

"நீங்க சொல்றது நியாயமா இருக்கலாம். ஆனா அதைச் சொல்ற இடம் புரூஃப் இல்லை. அவர் கருத்து அவருக்கு. நாளைக்குத் திருத்தம் போடறோம். உங்களுக்குக் கருத்து இருந்தா நடுப்பக்கத்துல உங்க பேர்ல எழுதுங்க. கடைசிச் செவ்வாய் காலியாத்தான் இருக்கு."

"எனக்கென்னங்க சார் கருத்து. நான் ஒற்றுப் போடற ஆளு" என்று சொல்லிவிட்டு வந்தேன். திருத்தத்தையும் நானே எழுதி, நானே பிழை பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பீரோக் கண்ணாடி முன்னால் மதி முழங்குகிறாள். பேராசிரியர் கட்டுரையைப் பாதி மனப்பாடம் செய்துவிட்டாள்.

" 'கருப்பைச் சந்தை'ன்னு சொன்னதும் நிறுத்து" என்றேன். "ஒரு மூச்சு விடு. சபை அமைதியானதுக்கு அப்புறம் கேள்வியைக் கேளு."

அவள் நிறுத்தினாள். மூச்சு விட்டாள். பிறகு விரலை நீட்டி, "உங்கள் மகளை அனுப்புவீர்களா?" என்றாள். விரல் நேராக என் மூக்குக்கு முன்னால் நின்றது. அந்தக் கேள்விக்கு யாரும் 'அனுப்புவேன்' என்று சொல்ல முடியாது. பதிலைக் கையோடு கட்டிக்கொண்டு வருகிற கேள்வி அது. மகளை 'அனுப்புகிற' சாமான் ஆக்கிவிட்டுத்தான் கேள்வியே ஆரம்பிக்கிறது.

"நல்லாருக்கு கண்ணு. விரலைக் கொஞ்சம் இறக்கு" என்றேன்.

கத்தியை நன்றாகத் தீட்டிக் கொடுத்தேன். முனை யார் பக்கம் என்று எழுத இன்று நேரமில்லை. தோசைமாவு ஆட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

எதிர்த் தரப்புப் புரூஃப் வந்தது. தடையை நீக்கு என்று வழக்கறிஞர் ரேஷ்மி நடராஜ் எழுதியிருக்கிறார். சரி, இவராவது என்று படித்தால் 'பிறர் வீட்டு விளக்கைத் தன் வயிற்றில் ஏற்றிய தேவதை' என்று தொடங்குகிறது. தேவதைக்குக் கால் வீங்குமா? ராத்திரி எழுந்து எழுந்து பாத்ரூம் போகுமா? தையல் போட்ட இடம் மழைக்காலத்தில் அரிக்குமா? இவருடைய தேவதைக்கு வாய்ப்பு அளிக்கப்படுகிறது, நன்றி செலுத்தப்படுகிறது. இவரும் அவளுக்கு ஒரு வினையைக்கூடக் கொடுக்கவில்லை.

அந்தப் பக்கம் உச்சுக் கொட்டுகிறார்கள், இந்தப் பக்கம் கும்பிடுகிறார்கள். உட்காரச் சொல்லி ஒரு நாற்காலி போட ஆளில்லை. எனக்கு இரண்டு பேர்மீதும் எரிச்சலாக வந்தது.

கை பரபரத்தது. எலுமிச்சை இன்னும் தொங்குகிறது, அதைப் பார்த்துக்கொண்டு ஒற்றுகளை மட்டும் திருத்தினேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. மதி கொடியேற்றத்துக்குப் போய்விட்டு மிட்டாயோடு வந்தாள்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல யாருக்காச்சும் அந்த மாதிரி பிள்ளை சுமந்து குடுத்தவங்க ஒருத்தரைத் தெரியுமா? ஒரே ஒரு கேள்வி கேக்கோணும்."

"என்ன கேள்வி?"

"அந்தக் குழந்தையை நினைப்பாங்களான்னு."

"தெரியாது கண்ணு" என்றேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தெரியும். நினைப்பார்கள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். சொந்த டைரியிலேயே ஒளிந்துகொள்வது கேவலமாக இருக்கிறது.

மதி யுகேஜி படித்தபோது அவர் வேலை பார்த்த பேக்கரியை மூடிவிட்டார்கள். வீட்டில் கஷ்டம் இருந்தது, அதை மறைக்கவில்லை. சென்னையில் இப்படியொரு வழி இருக்கிறது என்று கேள்விப்பட்டது நான். வேண்டாம் என்றது அவர். போகிறேன் என்றது நான். போனேன். யாரோ ஒரு தம்பதியின் குழந்தையைச் சுமந்தேன். பெற்றேன். கொடுத்தேன். வந்த பணத்தில் அவர் அடுப்பு வாங்கிச் சொந்தக் கடை போட்டார். மதி சாப்பிட்டு வளர்ந்த ரொட்டியெல்லாம் அந்த அடுப்பில் வெந்ததுதான். அன்றைக்குச் சட்டம் தடுக்கவில்லை. நானும் எதையும் திருடவில்லை. ஆனாலும் 'அம்மா சென்னையில டைப்பிங் படிக்கறா' என்று குழந்தையிடம் சொன்னோம், அது அப்படியே நின்றுவிட்டது.

சொல்லாமலே இருந்துவிடலாம். ஆனால் இவள் மேடையில் நின்று சாபம் என்று முழங்கி, நான் கீழே உட்கார்ந்து கைதட்டி, என்றைக்காவது அவளுக்குத் தெரியவந்தால்? போய்வந்ததைப் பொறுத்துக்கொள்வாள். கைதட்டியதைப் பொறுத்துக்கொள்ளமாட்டாள். என் பெண் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமோ என்பதுதான் என் பயம், வேறொன்றுமில்லை.

மத்தியானம் கடையில் ஆளில்லை. மதி முட்டை பப்ஸோடு உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, நீ கேட்டியல்ல, அந்த மாதிரி ஒருத்தரைத் தெரியுமான்னு. தெரியும். நான்தான்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பிஸ்கட் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விளையாடறீங்ளா?"

"நீ சின்னப் பிள்ளையில நான் டைப்பிங் படிக்கச் சென்னைக்குப் போனேனே, அப்ப."

"அப்ப டைப்பிங் படிக்கலையா?"

"அதுவும் படிச்சேன். அந்த இல்லத்துல கம்ப்யூட்டர் வெச்சிருந்தாங்க. அங்க கத்துக்கிட்டதுலதான் இந்த வேலையே கிடைச்சுது."

அவர் சிரித்துவிட்டார். நான் முறைத்ததும் பாட்டிலுக்குத் திரும்பினார்.

"பையனா, பொண்ணா?"

"பையன்."

"எனக்குத் தம்பியா?"

"இல்லை கண்ணு. கருமுட்டை அவங்களோடது. சுமந்தது மட்டும்தான் நானு."

"அப்ப அவன் எனக்கு என்ன முறை?"

எங்கள் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரைக்கூட இரண்டு நிறுத்தம் போவதற்குள் மாமனா மச்சானா என்று கண்டுபிடித்துவிடுவோம். 'வாடகைத் தாய் முறை', 'வாடகைத் தாய் முறை' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, என்ன முறை என்று ஒருத்தரும் எழுதவில்லை.

"பத்து மாசம் குடியிருந்துட்டு, சொன்ன தேதிக்குக் காலி பண்ணிட்டுப் போன பையன்" என்றார் அவர், திரும்பாமலே. "நல்ல குடித்தனக்காரன்னு வெச்சுக்க அம்மிணி."

மதிக்கு உதடு லேசாக விரிந்தது. பிறகு ஏதோ கணக்குப் போட்டது போல நெற்றி சுருங்கியது.

"இருபத்தேழாம் தேதி கேக்கு... அது கடைக்கு இல்லையா?"

"இல்லை கண்ணு" என்றேன்.

அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். முட்டை பப்ஸைக் கடிக்காமல் வைத்துவிட்டுப் போன மதியை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வாசகர் கடிதங்கள் வந்தன. வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம், இது பத்து மாதம்தானே, ரசீது வேண்டுமா என்று பல்லடம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னொருவர் இரண்டு கட்டுரைகளையும் பாராட்டிவிட்டு, பேப்பர் போடுகிற பையன் தாமதமாக வருவதைக் கண்டித்திருக்கிறார். இன்றைக்குச் சிரிக்கக் கிடைத்தது இவ்வளவுதான்.

வீட்டில் மதி "சார்ஜர் எங்க", "உப்பு பத்தலை" என்பதற்கு மேல் பேசவில்லை. பழைய பேச்சைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறாள். புதிதாக எழுதுவதைக் காட்டவில்லை. நான் பக்கத்தில் போனால் கையை வைத்து மூடிக்கொள்கிறாள்.

"சனிக்கிழமை நீங்க வரோணும்" என்று மட்டும் சொன்னாள், முகத்தைப் பார்க்காமல்.

ஆகஸ்ட் 21, புதன்

அவர் சொன்னார்: "அவ கடைக்கு வந்து எங்கிட்ட நிறையக் கேட்டா கோகிலா. ஏன் அம்மாவைப் போக விட்டீங்கன்னு கேட்டா. விடறதுக்கு நான் யாரு கண்ணு, உங்கம்மா போனான்னேன்."

மாவு கையோடு இருந்தவரைக் கட்டிக்கொண்டேன். புடவை வீணாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, சனி

போட்டி. மண்டபம் நிறையப் பெற்றோர். மதிக்கு முன்னால் வரம் என்று பேசிய பையன் கடைசியில் தேம்பித் தேம்பி அழுதான். சபையே அழுதது. அடுத்து இவள்.

"சாபம் என்று பேச வந்திருக்கிறேன். சீட்டுக் குலுக்கலில் வந்தது" என்று ஆரம்பித்தாள். சிரித்தார்கள்.

"அந்தப் பெண் தள்ளப்பட்டாள் என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் தள்ளியவர் பெயரை எழுத வேண்டியதில்லை. நான் மாற்றிச் சொல்கிறேன். ஒரு பெண் போனார். சுமந்தார். பெற்றார். கொடுத்தார். இவை அவர் செய்தவை. இனி மற்றவர்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் எழுதினார்கள், படித்துக் காட்டவில்லை. வயிற்றைக் கீறினார்கள், தையல் ஆறியதும் பஸ் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு போன்கூடச் செய்யவில்லை. சாபம் என்று நான் சொல்வது இதைத்தான். அவர் சுமந்ததை அல்ல."

நிறுத்தினாள். ஒரு மூச்சு விட்டாள், நான் சொல்லிக் கொடுத்தபடியே.

"உங்கள் மகளை அனுப்புவீர்களா என்று கேட்பதாக இருந்தேன். கேள்வியை மாற்றிக்கொண்டேன். போய் வந்தவரிடம், வலித்ததா என்று நீங்கள் கேட்டீர்களா?"

விரலை நீட்டவில்லை. என்னைப் பார்த்தாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் அழுதார். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். "என்னங்க, ஏற்கெனவே நனைஞ்சிருக்குது" என்றார். வியர்வை என்றேன்.

அழுத பையனுக்கு முதல் பரிசு, மதிக்கு இரண்டாம் பரிசு. உணர்ச்சி போதவில்லை என்றார் நடுவர்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னாலிருந்து தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"வலிச்சுதாம்மா?"

"வலிச்சுது கண்ணு."

"அவனை நினைப்பீங்களா?"

"இருபத்தேழாம் தேதி நினைப்பேன். மத்த நாளைக்கு உன்னைத் திட்டவே நேரம் பத்தறதில்லை."

"நான் போறேன்னா அனுப்புவீங்களா?"

"அனுப்பறதுக்கு நீ என்ன பார்சலா? போறேன்னு நீ சொன்னா, கூடவே வந்து ஒவ்வொரு காகிதத்தையும் தமிழ்ல படிச்சுக் காட்டச் சொல்லுவேன். பிழை இருந்தா திருத்துவேன்."

அவள் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. இரண்டு முட்டை பப்ஸ் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எழுதினேன். சென்னையில் கற்ற டைப்பிங் இப்போதும் கைகொடுக்கிறது. தடை வேண்டும், வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. யார் எதைச் செய்தார்கள் என்று மட்டும் எழுதினேன். அதை எழுதியதும் கட்டுரை தானாக ஒரு பக்கம் சாயத்தான் செய்தது, எந்தப் பக்கம் என்று படிப்பவர்கள் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஆராவமுதன் சார் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடி படித்தார்.

"ஒரு எழுத்தைக்கூட நான் தொடலை. ஆனா லட்சுமின்னு போட்டுக்கலாமா கோகிலவாணி? உங்க நல்லதுக்குத்தான் கேட்கறேன். வீட்டுல..."

"வீட்டுல எல்லாருக்கும் தெரியுமுங்க சார். லட்சுமி நகர்ல இப்பவே இடநெருக்கடி."

புரூஃப் என் மேசைக்கே வந்தது. என் கட்டுரையிலேயே ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது, வெட்கக்கேடு. கடைசியில் என் பெயருக்குக் கீழே, நான் எழுதாத ஒன்றை அவர் அடைப்புக்குறிக்குள் சேர்த்திருந்தார்: பெயர் மாற்றப்படவில்லை.

பேனாவை எடுத்தேன். இந்த முறை அவரிடம் காட்டிவிட்டே திருத்தினேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வசுமதி கட்டுரையைப் படித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேராசிரியர் போன் செய்து, தன்னுடைய அடுத்த கட்டுரையை அனுப்புமுன் என்னிடம் காட்டலாமா என்று கேட்டார்.

சாயங்காலம் கடையில் கேக் தயாராக இருந்தது. மேலே எழுதுகிற வேலையை மதி அப்பாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, வெள்ளைக் கிரீமில் 'குடித்தனக்காரருக்கு வாழ்த்துகள்' என்று எழுதினாள். ஒற்றுப் பிழை இல்லை. வெட்டிச் சாப்பிட்டோம். எங்கேயோ ஒரு பையனும் இன்றைக்குக் கேக் வெட்டியிருப்பான். அவன் நன்றாக இருக்கட்டும்.

மதி பேப்பரை விரித்து, டீ குடிக்க வந்தவர்களுக்கும் கேட்கும்படி கட்டுரையைச் சத்தமாகப் படித்தாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டார். கடைசி வரியில் மதி நிறுத்தினாள்.

" 'கோகிலவாணி மயில்சாமி. பெயரை நான் மாற்றவில்லை.' ஏம்மா, இது செய்வினைதான?"

"ஆமா கண்ணு. நானே வெச்சது."